பாதி டம்ப்பைப் படித்த ஜமீலா

ஜமீலா இறந்துவிட்டார்.

பழைய ஆபீஸ் குரூப்பில் காலையிலேயே யாரோ போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது மத்தியானம்... அதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

செய்திக்குக் கீழே எங்கள் பழைய மேனேஜர் எழுதியிருக்கிறார், "நாம் உருவாக்கிய டூலில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு" என்று. நாமாம். ஒரு பங்காம். அதனால்தான் இந்தப் பதிவு.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில் ஒரு சின்ன கம்பெனி. நானும் ஜமீலாவும் பக்கத்துப் பக்கத்து சீட். மில்களில் இருந்த யூனிக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது வேலை.

மெஷின் கிராஷ் ஆனால், அந்த நேரத்தில் மெமரியில் இருந்ததையெல்லாம் ஒரு ஃபைலாக எழுதி வைக்கும். அதுதான் டம்ப். எதனால் விழுந்தது என்று அதைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படிப்பதற்கு எங்களிடம் இருந்த டூலோ, ஃபைலில் ஓர் இடம் கெட்டிருந்தாலும் 'பழுது' என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும்.

சோமனூர் பக்கம் ஒரு மில்லில் மெஷின் அடிக்கடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் டம்ப் பாதிதான் கிடைத்தது. காரணம், அங்கே ஆபரேட்டராக இருந்த பழனிச்சாமி அண்ணன் அதற்கு முன்னால் பஞ்சு பிரிக்கும் செக்‌ஷனில் பல வருஷம் இருந்தவர். அங்கே எது மக்கர் பண்ணினாலும் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கிக் கரன்ட்டை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு பற்றிக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கும் அதையேதான் செய்தார்; டம்ப் எழுதி முடிப்பதற்குள் கரன்ட் போய்விடும்.

மெஷின் விழுவதற்கே அவர் மெயினை இறக்குவதுதான் காரணம் என்று எங்கள் மேனேஜர் மில்லுக்கு லெட்டர் அடித்தார். அந்த லெட்டர் போனால் பழனிச்சாமி அண்ணனுக்கு வேலை போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

நான் போட்டேன்.

ஜமீலா பேனாவையே தொடவில்லை. "பாதி போயிருச்சு, சரிங்க சார். மீதிப் பாதி இருக்குதல்லங்க? அதையப் படிக்காம ஒரு மனுசன் பொழப்புல கை வெக்கலாமுங்களா?" என்றார்.

முடிந்தால் ஒரு வாரத்தில் படித்துக் காட்டு என்றார் மேனேஜர், நக்கலாக.

ஜமீலா அந்த டூலின் புரோகிராமையே பிரித்துப் போட்டார். கெட்ட இடம் வந்தால் 'இங்கே இல்லை' என்று குறித்துவிட்டு மேலே போகிற மாதிரி மாற்றினார். ஒரு நாள், ஒன்று அடுத்ததைக் காட்டுகிற லிஸ்ட் ஒன்று கெட்டுப்போய்த் திரும்பத் தன்னையே காட்ட, டூல் சுற்றிச் சுற்றி ஒரே பெயரையே அடித்துத் தள்ளி, பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு... பிறகு, வந்த வழியே திரும்பி வந்தால் நிறுத்து என்று ஒரு செக் போட்டார்.

அந்தப் பாதி டம்ப்பில் எல்லாம் இருந்தது. பிரிண்டரை இயக்கும் டிரைவர் புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் போய் எழுதியிருக்கிறது. அதனால்தான், மெயினை இறக்குவதற்கு முன்பே மெஷின் விழுந்துவிட்டது.

அந்த டிரைவரை எழுதியவர் மேனேஜர்!

ஜமீலா யாரிடமும் கேட்கவில்லை. பிரிண்ட் அவுட்டை எடுத்துக்கொண்டு சோமனூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பழனிச்சாமி அண்ணன் வேலை தப்பியது. இனிமேல் மெயினை இறக்கலாமா கூடாதா என்று அவர் கேட்டாராம்.

"எப்பவும்போல எறக்குங்கண்ணா. பஞ்சு பத்திக்கிச்சுன்னா டம்ப்ப வெச்சு என்னங்க பண்றது? பாதி வந்தாப் போதும், நான் படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அதற்குக் கிடைத்த பரிசு, அடுத்த மாதமே டேட்டா என்ட்ரிக்கு மாற்றம். டூலின் புது வெர்ஷன் வந்தபோது முதல் வரியில் மேனேஜர் பெயர். ஜமீலா பெயர் எங்கேயும் இல்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. த்தூ.

சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள். படியுங்கள். அந்த டூலைச் சரிசெய்தது ஜமீலா. அவர் மட்டும்தான்.

கையெழுத்துப் போட்ட மறுநாளும் அவர் டிபன் பாக்ஸைத் திறந்து எப்போதும்போல என் பக்கம் நகர்த்தினார். லெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை... சாப்பிட்டேன்.

ஜமீலா, தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. மன்னிச்சுருங்க.