இரண்டாவது பெட்டி எதற்கு?

உப்பு சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் எங்கள் கம்பெனியின் சர்வர் செத்துப்போனது. மரக்காணம் உப்பளத்தில் வாரும் உப்பை வாங்கி, அரைத்து, மூட்டை கட்டி அனுப்புகிற கம்பெனி. எடைமேடை, பில், கேட் பாஸ் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான். லாரிகள் ஈ.சி.ஆர். ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. பெட்டியைத் திறந்தால் மதர்போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஏ.சி. கரண்ட் பில்லுக்குப் பயந்து, "கடல் காத்து சும்மாதானே வருது" என்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னவர் முதலாளி. திட்டு வாங்கியது சிஸ்டம் இன்சார்ஜாக இருந்த நான்.

"ஏம்மா ஸ்டெல்லா, புதுசு வாங்கித் தர்றேன். இன்னொரு தபா லாரி நின்னுச்சுன்னா நீ உன் ஊரு பொம்மையார்பாளையத்துலயே இருந்துக்கோ. இங்க வர வேணாம்" என்றார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் விர்ச்சுவல் மெஷினாக ஓட்டுவது என்று முடிவு செய்தேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரே சர்வருக்குள் ஐந்தாறு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும், அவ்வளவுதான். வீடு இடிந்தால் எல்லாக் குடித்தனமும் தெருவில். அதனால் நான் கேட்டது நடுத்தரமான இரண்டு சர்வர். டேட்டா இரண்டிலும் இருக்கும். ஒன்று படுத்தால் அதில் ஓடிய மெஷின்கள் மற்றதில் தானாக எழுந்துகொள்ளும்.

சென்னையிலிருந்து டை கட்டி வந்த சேல்ஸ்காரர் ஒரே ஒரு பெரிய சர்வரைத்தான் விற்பது என்று முடிவோடு வந்திருந்தார். "இது என்டர்பிரைஸ் கிரேடு மேடம். படுக்கவே படுக்காது."

"எங்க ஊர்க் காத்துக்கு இரும்பு கேட்டே படுத்துடுச்சு சார். வரும்போது பாத்திருப்பீங்களே" என்றேன். அதற்கப்புறம் அவர் முதலாளியிடம் மட்டும்தான் பேசினார்.

முதலாளி ஒருவழியாக இறங்கி வந்தார். "சரி, ரெண்டே வாங்கிக்கோ. ரேம் மட்டும் பாதி பாதியா போட்டுக்கோ."

பல ஆபீஸ்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒன்று படுத்த நேரத்தில் மிச்சமிருக்கிற ஒன்று மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். பாதி ரேமில் பாதி மெஷின்தான் எழும்.

"எந்தப் பாதி எழுந்திருக்கணும்னு சொல்லிடுங்க சார். பில்லா, உங்க கேமராவா?" என்றேன். ஆபீசில் யார் தூங்குகிறார்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்கிற மனுஷர் அவர். முணுமுணுத்துக்கொண்டே முழு ரேமுக்குக் கையெழுத்துப் போட்டார். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தது மட்டும் என் சொந்த முடிவு. யாரிடமும் கேட்கவில்லை.

சில மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. அதுவே வினையாகிவிட்டது. ஒரு நாள் லாரிகள் வரிசையாக நிற்கிற நேரம் பார்த்து முதலாளி சர்வர் ரூமுக்குள் வந்தார். "கொட்டுன காசு வேலை செய்யுதான்னு பாக்குறேன்" என்றபடி, பில்லும் எடைமேடையும் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் பவர் கார்டைப் பிடுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பவர் சப்ளை. அவர் விடுவாரா? இரண்டாவது கார்டையும் பிடுங்கினார்.

எடைமேடை ஆபரேட்டர் போன் செய்தார். "மேடம், ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. குரலில் காட்டவில்லை. "ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாருங்க" என்றேன். அவர் டீயை முடிப்பதற்குள் எல்லா மெஷினும் அடுத்த சர்வரில் எழுந்துவிட்டன.

முதலாளி முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தால், ஏமாற்றம். "ஒண்ணுமே நிக்கலையேம்மா. அப்ப இந்தப் பொட்டி தண்டம். மச்சான் கல்யாண மண்டபத்துக்குக் கம்ப்யூட்டர் கேட்டுனு இருக்கான், குடுத்துடலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்குமேல் விளக்கிப் பிரயோஜனமில்லை. ஓடிக்கொண்டிருந்த சர்வரின் இரண்டு கார்டையும், செருகியது செருகியபடியே, அவர் கையில் பிடிக்கக் கொடுத்தேன்.

"தாராளமா குடுத்துடலாம் சார். அது போயிட்டா இங்க இது ஒண்ணுதான். அதனால இதையும் ஒரு தபா புடுங்கிப் பாத்துடுங்க."

நிஜமாகவே பிடுங்கிவிட்டால் நான் அன்றைக்கே வீட்டுக்குத்தான். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து எடுப்பது போல, கையை மெல்ல எடுத்தார்.

"மச்சானுக்கு வேற பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, தான் பிடுங்கிய இரண்டையும் தானே திரும்பச் செருகினார்.

சர்வர் வாங்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பெக் ஷீட்டை எந்த முதலாளியும் படிக்க மாட்டார். வயரைக் கையில் கொடுங்கள்.