இரண்டு டப்பாவிலும் ஒரே சொல்

அன்புள்ள செல்லம்மா அக்காவுக்கும், ஹல்துமுல்லையில் பதினாறாம் நாளுக்கு ஒன்றுகூடப் போகும் எல்லோருக்கும்,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். டிரெஸ்ஸர் ஐயாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி அக்கா சொல்லியனுப்பி மூன்று நாளாகிறது. பகலில் என் மகள் கமலா என்னை விடுவதில்லை. இப்போதுதான் புண்பட்ட காலைத் தலையணைமேல் வைத்தபடி கண்ணயர்ந்திருக்கிறாள். விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்த விதத்தையே முதலில் சொல்ல வேண்டும். ஐயா ஹல்துமுல்லையில் அக்காவின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு, வியாழக்கிழமை காலை திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போயிருந்தார். கட்டு மாற்ற வருவாரே என்று வெந்நீர் போட்டு வைத்திருந்தேன். லயத்து வரிசை வீடுகளிலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வரும் மூக்காயி வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, டிரெஸ்ஸரு போயிட்டாருங்க" என்றாள்.

"போனதுதான் தெரியுமே! எப்ப வர்றாராம், அதக் கேட்டியா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா, போயிட்டாருங்க" என்றாள்.

அதே சொல். இரண்டாம் முறை கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளோடு நின்றுவிடுகிறேன் என்று என்னை ஆறு வருடம் கேலி செய்தவர், போகும்போதும் அதை மெய்ப்பித்துக் காட்டிவிட்டுத்தான் போனார். அழுவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

தோட்டத்து மருந்துச்சாலையில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்பதால் டிரெஸ்ஸர் என்றார்கள். வேலாயுதம் என்ற பெயர் கட்டிய மனைவியான அக்காவுக்கே மறந்திருக்கும். பசறைக்கு அப்பால் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய கிளாக்கர் மனைவியாக நான் வந்து சேர்ந்தபோது, திருச்சியில் காலேஜ் படித்தவள் என்று தோட்டம் முழுதும் பேச்சு. அந்தப் பேச்சு கிறிஸ்மஸ் வரைக்கும்தான் நிலைத்தது.

என் வீட்டுக்காரர் பதுளைக்குப் போயிருந்த நாளில், துரை பங்களாவிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. இரண்டு கோழிகளை 'டிரெஸ்' செய்து அனுப்பவும் என்று இருந்தது. டிரெஸ் என்றால் உடை, உடுத்துவது, அலங்கரிப்பது. வெள்ளைக்காரர்கள் அந்தப் பண்டிகைக்கு எதை எதையோ சோடிப்பவர்கள்தானே என்று நினைத்து, இரண்டு கோழியின் கழுத்திலும் சிவப்பு ரிப்பன் கட்டி உயிரோடு அனுப்பினேன். பாதி வழியில் ஐயா மறித்து, கூடையோடு திரும்பி வந்தார்.

"ஏம்மா, இதுகளுக்கு மாப்பிள்ளை எந்த ஊரு?"

"கிறிஸ்மஸ் இல்லையா, அதுக்குத்தான்..."

"துணியோட நின்னுட்டீங்களே, கிளாக்கரம்மா! கோழிய உரிச்சு, குடலெடுத்து, கழுவிக் குடுக்கணும். அதுவும் டிரெஸ்தான்."

ரிப்பன்களை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எதையாச்சும் கட்ட ஆகும்" என்றார். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். யார் சொல்லியிருப்பார் என்று கேட்கவும் வேண்டுமா?

அந்தச் சொல்லிடம் ஏமாந்தது நான் மட்டுமல்ல. அடுத்த வருடம், ஐந்தாம் நம்பர் மலையை 'டிரெஸ்' செய்ய வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். புதிதாக வந்த கங்காணி அதை லயத்தில் எப்படிச் சொன்னாரோ, விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அத்தனை பெண்களும் தீபாவளிச் சேலையில் வந்து நின்றார்கள். தலையில் பூ வேறு. துரை சொன்னது தேயிலைக்கு எரு போடுவதை! வந்தது வந்தாயிற்று, அப்படியே கூடையைத் தூக்கட்டும் என்றார் அவர். வருடத்துக்கு ஒரு சேலை எடுப்பவர்கள். ஐயாதான் முன்னால் போய், சாயச் சேலையில் எரு பட்டால் உடம்பெல்லாம் சிரங்கு வரும், பிறகு பத்து நாளைக்கு மலைக்கு ஆள் கிடைக்காது என்று அடித்துச் சொன்னார். எல்லோரையும் உடுப்பு மாற்றி வர அனுப்பிவிட்டார் துரை. அப்படி ஒரு சிரங்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

"பொய்தானே ஐயா?" என்றேன்.

"சேலைக்கும் ஒரு வைத்தியம் வேணும்லம்மா."

எனக்கோ அந்தச் சொல்லின்மேல் ஆத்திரம் தீரவில்லை. ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். கல்லைச் செதுக்கினால் டிரெஸ், தோலைப் பதப்படுத்தினால் டிரெஸ், தலை வாரினால் டிரெஸ், வரிசையில் நேராக நின்றால் டிரெஸ், ஆளைத் திட்டித் தீர்த்தாலும் டிரெஸ். இதெல்லாம் ஒரு பாஷையா என்று அவரிடமே கேட்டேன். "எதுக்கு என்ன வேணுமோ அதச் செஞ்சு வைக்கிறதுதான் டிரெஸ். இதுக்கு நோட்டு எதுக்கு?" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்று அன்றைக்கும் கோபம்தான்.

போன மாதம் கமலாவின் கெண்டைக்காலில் கொதிக்கும் கஞ்சி கொட்டியது. காலையும் மாலையும் அவர் வந்தார். மூன்று வயதுப் பிள்ளை காலைத் தொட விடவில்லை. அவள் பொம்மையைக் கேட்டு வாங்கி, "முதல்ல இவளுக்கு டிரெஸ் போடுவோமா?" என்றார். புதுச் சட்டை வருகிறது என்று இவள் கையை எடுத்தாள். பொம்மையின் காலில் கட்டுப் போட்டு முடித்தபோது, இவள் காலும் அவர் மடியில் இருந்தது. இன்றுவரை பொம்மையின் கட்டை அவிழ்க்க விடாமல், அதைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஹல்துமுல்லைக்குக் கிளம்புமுன் சொன்னார்: "மேல ஆறிடுச்சும்மா. கீழ ரெண்டு விரக்கடை இன்னும் ஈரம். அந்தக் களிம்ப விடாம பத்து நாள் போட்டா ஓடி வெளையாடும். விட்டா தோல் இழுத்துக்கிட்டு நொண்டும்." இரண்டு நாளைக்கான களிம்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். அது தீர்ந்துபோயிற்று.

அவருடைய அலமாரியை நேற்று என் வீட்டுக்காரர் திறந்துவிட்டார். மூன்று டப்பா இருந்தது. மூன்றின்மேலும் ஆங்கிலத்தில் ஒரே சொல், 'டிரெஸ்'! ஒன்றில் ரோஜாச் செடிக்கு வைத்திருந்த எரு, மூக்கே சொல்லிவிட்டது. மற்ற இரண்டும் மஞ்சள் களிம்பு, இரண்டிலும் மெழுகும் கற்பூரமும் மணக்கின்றன. ஒன்று புண்ணுக்கு. இன்னொன்று துரையின் குதிரைச் சேணத்துக்குப் பூச அவர் காய்ச்சிக் கொடுப்பது. எது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன், டப்பாவில் மருந்தின் பெயரை எழுதுங்கள் என்று! "எனக்குத் தெரியும்லம்மா" என்பார். "நீங்க படுத்துட்டா?" என்றால், "நான் படுத்தா எனக்கு யாரு கட்டுப் போடுவா, அதச் சொல்லுங்க" என்று சிரிப்பார்.

இரண்டில் ஒரு டப்பாவின் மூடியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது. அந்தக் கோழி ரிப்பன்தான். ஓரத்தில் நான் போட்ட தையலை எனக்குத் தெரியாதா? கிளாக்கரம்மாவுக்கு இது என்று எனக்காகக் கட்டிய அடையாளமா, மூடி கழன்றுவிடுகிறது என்று கட்டியதா? அரை மணி நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் என்று மனம் சொல்கிறது. மனம் சொன்னதை நம்பித்தான் கோழிக்கு அலங்காரம் செய்தேன். ஆகையால் தொடவில்லை. கொதித்து ஆறிய நீரில் கழுவி, சுத்தமான துணி மட்டும் கட்டி வைத்திருக்கிறேன். பசறைப் பாதையில் மண் சரிந்து வண்டி ஓடவில்லை; பதுளை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோக வழியில்லை. தபால்காரர் மட்டும் குறுக்குப் பாதையில் நடந்து போய் வருகிறார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை: முழுதாய்த் தெரியாத ஒரு சொல், கட்டுப் போட்ட ஒரு பொம்மை, ஒரு முழம் ரிப்பன்.

அக்கா, இதைப் பதினாறாம் நாள் வரைக்கும் மடித்து வைத்துவிடாதீர்கள். களிம்பு காய்ச்சும்போது நீங்கள்தானே பக்கத்தில் இருப்பீர்கள். ரிப்பன் கட்டிய டப்பாவா, கட்டாத டப்பாவா? அதை மட்டும் எழுதி, வருகிற தபாலிலேயே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கமலாவின் அம்மா ராசம்