இம்மென்ஸ்டாட் சந்தையில் ஒரு சோடி ஸ்கீ

வெள்ளி, காலை 5.10. பெர்லின், நொய்கெல்ன் ரயில் நிலையம். தோளில் தொங்கும் பைக்குள் நான்கு கிலோ எடையில் என் ஸ்கீச் சப்பாத்துகள் கிடக்கின்றன. மாற்றுடுப்பும் பல் துலக்கியும் தவிர வேறு சாமான் இல்லை. பனியில் சறுக்கும் கட்டை வாங்கப் போகிறவள் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். பொருந்துகிறதா என்று அங்கேயே பார்க்காவிட்டால் வாங்கியது விறகு.

முந்தின நாள்வரை தொடர்ந்து ஆறு நாள் பின்னேர வேலை. முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். மனிதர்களைத் தூக்கி இருத்தி, கிடத்தி, திருப்பி விட்ட கைகள் இப்போது சப்பாத்துப் பையின் வாரைப் பிடிக்கவே சலித்துக்கொள்கின்றன. படுக்கையில் இருக்கவேண்டிய நேரத்தில் எழுநூறு கிலோமீற்றர் தெற்கே போக ஏன் புறப்பட்டேன் என்று மேடையில் நின்றபடி என்னையே திட்டிக்கொண்டேன்.

காரணம் போன மார்ச் மாதம். என் பழைய ஸ்கீக்குப் பதினான்கு வயது. சப்பாத்தைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு அடிக்கடி கழன்றுவிடுகிறது என்று நானே திருப்புளி எடுத்து இறுக்கி வைத்திருந்தேன். முப்பத்தெட்டு குளிர்காலம் சறுக்கியவளுக்கு எவனோ ஒரு கடைக்காரன் பாடம் எடுப்பதா என்ற கெப்பர். விழும்போது கழலவேண்டிய பூட்டு அன்றைக்குக் கழலவில்லை. கட்டை ஒரு பக்கம் போனது, முழங்கால் மறுபக்கம் போனது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வீட்டில் கிடந்தேன். பிறகு கடைக்குக் கொண்டுபோனால், இந்தப் பூட்டைச் செய்தவர்களே இப்போது இதற்குப் பொறுப்பேற்பதில்லை, நான் கை வைக்கமாட்டேன் என்று கடைக்காரர் திருப்பித் தந்துவிட்டார். புதியது எழுநூற்றைம்பது யூரோ என்றார். நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

வீட்டில் என் கணவர் குகனோடு பேசி முடித்தது இது: இருநூற்றைம்பது யூரோ, எல்லாச் செலவும் அடங்கலாக. அதற்குள் நல்ல சோடி கிடைத்தால் ஜனவரியில் வழக்கம்போல ஒரு கிழமை மலைக்குப் போவேன். கிடைக்காவிட்டால் போகமாட்டேன். குகன் தெளிவாகவே சொன்னார்.

“இன்னொருக்கால் முழங்கால் போச்செண்டால் வேலையும் போகும் கலா. பிறகு ஆர் உன்னைத் தூக்கிறது? பாத்து எடு.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் வருடத்தில் அந்த ஒரு கிழமைதான் யாரும் என்னை மணி அடித்துக் கூப்பிடாத கிழமை. அதையும் விட்டுவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?

அதிவேக ரயிலில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் அந்தச் சீட்டின் விலையில் பாதி ஸ்கீ வாங்கிவிடலாம். மாதம் ஐம்பத்தெட்டு யூரோ கட்டி வைத்திருக்கும் பயணச்சீட்டு, ஊருக்கு ஊர் நின்று போகும் ரயில்களில் மட்டும் செல்லும். ஆகவே விற்றன்பேர்க்கில் ஒரு மாற்றம், லைப்சிக்கில் ஒன்று, பிறகு ஸ்விக்காவ், ஹோஃப், நியூர்ன்பேர்க், ஆவுக்ஸ்பூர்க். ஆறு முறை இறங்கி ஏறவேண்டும். மலிவு என்பது பணத்தில்தான். மிச்சத்தை இடுப்பு கட்டும்.

முற்பகல் 11.40, ஹோஃப். இங்கே ஏறிய ஓர் இளைஞர் என் கைத்தொலைபேசிப் பேச்சைக் கேட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். மதுரைக்காரர், டார்ம்ஸ்டாட்டில் பொறியியலாளர், நண்பனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

“இதுல என்னங்க இருக்கு, ஹெல்மெட்டா?”

“ஸ்கீச் சப்பாத்து, தம்பி.”

“ஸ்கீயிங்கா? நீங்களா?” என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஸாரிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒரு தடவ ட்ரை பண்ணேன். ஃபர்ஸ்ட் டே லிஃப்ட்லயே விழுந்துட்டேன். வாடகை எல்லாம் வேஸ்ட்.”

“ஏன், நீங்களும் வாடகைக்கே எடுக்கலாமே?” என்றும் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். ஒரு கிழமை நல்ல கட்டை வாடகைக்கு எடுக்க நூற்றறுபது யூரோ வரை ஆகும். இரண்டு வருட வாடகையில் ஒரு சோடி சொந்தமாகிவிடும். அதோடு ஒவ்வொரு வருடமும் புதுக் கட்டையோடு முதல் இரண்டு நாள் அறிமுகத்திலேயே கழிந்துவிடும். அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். பாதி வழி இருவரும் முறுக்குத் தின்றோம், பிறகு நான் தூங்கிவிட்டேன். நியூர்ன்பேர்க்கில் அவர்தான் தட்டி எழுப்பி இறக்கிவிட்டார்.

மாலை 5.50, கெம்ப்டன். தவம் அக்கா வாசலிலேயே நின்றார். நாங்கள் ஜெர்மனிக்கு வந்த காலத்தில் எங்கள் குடும்பமும் அவர் குடும்பமும் இந்த மலைப்பக்கத்து அகதி விடுதியில் ஒரே மாடியில் இருந்தோம். நான் ஸ்கீ பழகியதும் இங்கே பள்ளிக்கூடத்தில்தான். அக்காவுக்கு இப்போது சீஸ் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய கால்களும் என்னுடையவை மாதிரி வீங்கித்தான் இருந்தன.

“உதுக்கே பெர்லினில இருந்து வந்தனி? பொழுது போகாட்டிச் சொல்லு, தொழிற்சாலையில ஆள் எடுக்கினம்.”

“நீங்கள் ஒருக்கால் பனியில இறங்கிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ அக்கா.”

“ஐயோ, எனக்கு ஏலாது. நடக்கவே வழுக்குது, நீ வழுக்கிறதுக்குக் காசு குடுக்கிறாய்.”

புட்டும் முட்டைப் பொரியலும் தந்தார். எட்டு மணிக்கே படுத்துவிட்டேன்.

சனி, காலை 7.45. அக்காவின் காரில் இருபத்துமூன்று கிலோமீற்றர், இம்மென்ஸ்டாட். இந்தப் பக்கத்து ஊர்களில் பனி விழுமுன் ஸ்கீக் கழகங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய ஸ்கீச் சந்தை வைக்கும். விற்கிறவர்கள் முதல்நாளே கொண்டுவந்து விலையெழுதிய அட்டை கட்டி ஒப்படைத்துவிடுவார்கள். விற்ற விலையில் பத்து வீதம் கழகத்துக்கு. பேரம் பேச முடியாது, ஏனென்றால் விற்கிறவர் அங்கே இல்லை. அக்காவுக்கு இது பெரிய ஏமாற்றம். ஐந்து யூரோவாவது குறைத்து வாங்கித் தருகிறேன் பார் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. சந்தைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கையில் இருக்கும்வரை கட்டை உன்னுடையது, கீழே வைத்தால் ஊருடையது. ஆகவே யோசிப்பவர்கள் எல்லாரும் தோளில் மூன்று நான்கு சோடிகளைச் சுமந்துகொண்டே யோசிப்பார்கள். மண்டபம் முழுக்கக் கட்டைகள் நடந்து திரிவது மாதிரி இருக்கும்.

அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். பளபளப்பைப் பார்க்காதீர்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்து இரும்பில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் கொஞ்சம் சுரண்டப்பட வேண்டும், இரும்பு கட்டையைவிட்டு எங்கும் பிரிந்திருக்கக் கூடாது. மேற்பக்கத்துக் கீறல்கள் ஒன்றும் செய்யாது, விலையைத்தான் குறைக்கும். பூட்டு பத்து வயதுக்கு மேல் என்றால் கட்டை தங்கமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மூன்று சோடியை இப்படியே தட்டிக்கழித்தேன். நாலாவதில் கை நின்றுவிட்டது.

நூற்றறுபத்தைந்து சென்ரிமீற்றர், நடுவில் இடுப்பு ஒடுங்கியது, போட்டிக்காரர்கள் விரும்பும் இனம். சிவப்பு. கையால் வளைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கடினமான கட்டை. இறுகிய பனியில் கத்தி மாதிரி வெட்டும். முப்பது வயதில் நான் இரவல் வாங்கி ஒரு நாள் முழுக்க இறங்கிய அதே இனம். அட்டையில் இருநூற்றிருபத்தைந்து யூரோ. பூட்டுப் பொருத்தப் பதினைந்து. மொத்தம் இருநூற்றுநாற்பது. ஆண்டவன் கணக்குப் பார்த்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

இரண்டடி தள்ளி இன்னொரு சோடி. நூற்றைம்பத்தெட்டு சென்ரிமீற்றர், வளைந்து கொடுப்பது, ஊதா நிறம், மேலே வெள்ளைப் பூ. கடையில் சறுக்கிப் பார்க்கக் கொடுத்து வாங்கிய சோடியாம், மேலெல்லாம் கீறல், அடியும் ஓரமும் புதிது போல. நூற்றுநாற்பது. அதை அக்காவின் கையில் கொடுத்தேன்.

“இதை விடாமல் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

“எடுக்கப்போறாயோ?”

“இல்லை, வடிவில்லை. சும்மா ஒரு காவலுக்கு.”

“நான் என்ன கொடிக்கம்பமோ?” என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

பணம் கட்டுமுன் பூட்டு மேசைக்குப் போகவேண்டும். சப்பாத்தோடு பொருந்துகிறதா என்று அங்கே பார்த்து, எவ்வளவு வலுவில் கழலவேண்டும் என்று எண் வைத்துத் தருவார்கள். எண் குறையக் குறையச் சுலபமாகக் கழலும். முப்பது வயதிருக்கும் பெண் ஒருத்தி, கம்பளித் தொப்பியும் எண்ணெய்க் கறுப்பு விரல்களுமாக, படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“எடை?”

“அறுபத்தாறு.”

“மெல்லச் சொல்லடி,” என்றார் அக்கா, பின்னால் நின்று. “வரிசையில சனம் நிக்குது.”

உயரம் சொன்னேன். எப்படிச் சறுக்குவாய் என்றாள், வேகமாக என்றேன். சப்பாத்தின் அடியை அவளே அளந்தாள், தேய்மானம் பரவாயில்லை என்றாள்.

“வயது?”

“நாற்பத்தொன்பது.”

யோசிக்காமலே வந்த பதில். அவள் அட்டவணையில் விரலை ஓட்டினாள்.

“ஆறு. ஐம்பது தாண்டியிருந்தால் ஒரு வரி குறைத்து ஐந்து வைத்திருப்பேன். உனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.” சிரித்துவிட்டுத் திருப்புளியைப் பூட்டில் வைத்தாள்.

  திரும்பிப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஊதாக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் இருவருக்கும் தெரியும்.

கொழும்பில் விமான ரிக்கற் போட்டபோது எனக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. பன்னிரண்டு முடிந்தால் முழு ரிக்கற். அதற்குக் காசு இல்லை. ஏஜென்சிக்காரன் அப்பாவிடம் பேசி எனக்குப் பத்து வயதாக்கினான். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கும்போது பத்து, அகதிப் பதிவில் பத்து, பள்ளிக்கூடத்தில் என் தோளுயரப் பிள்ளைகளோடு உட்கார்ந்தபோதும் பத்து. அக்காவின் தம்பிக்கும் இதே கதை, எங்கள் விடுதியில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே கதை. திருத்தப் போனால் அப்பாவைப் பொய்யர் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் வளர்ந்தோம். பிறகு திருத்த நேரமில்லை. கதை தெரிந்த எங்கள் ஆட்கள், கடதாசியில் இளமையாக இருக்கிறாய் என்று கேலி பண்ணுவார்கள். ஓய்வூதியம் எடுக்கக் கடதாசிப்படி அறுபத்தேழு ஆகவேண்டும். அதாவது என் முதுகுக்கு அறுபத்தொன்பது. அதை நினைக்கிற நாட்களில் அப்பாவின் மேல் கோபம் வரும். பாதி ரிக்கற்றுக்கு அவர் என் கடைசி இரண்டு வருடத்தை விற்றுவிட்டார் என்று தோன்றும். அவரிடம் வேறு விற்க எதுவும் இருக்கவில்லை என்பதும் தெரியும்.

திருப்புளி திரும்பத் தொடங்கியது. முழங்கால் எனக்குள் ஒருதரம் சுண்டியது, அல்லது சுண்டியதாக நினைத்தேன்.

“நில்,” என்றேன். “ஐம்பத்தொன்று.”

“எது?”

“வயது. கடவுச்சீட்டில் நாற்பத்தொன்பது. உண்மையில் ஐம்பத்தொன்று.”

 முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு ஜெர்மன் மேசைக்கு முன்னால் நின்று இதை நான் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்பாள், எங்கேயோ எழுதி வைப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான் கடவுச்சீட்டுப் பார்ப்பதில்லை,” என்றாள். நாற்பத்தொன்பதை வெட்டி, மேலே ஐம்பத்தொன்று என்று எழுதினாள். “அப்படியென்றால் ஐந்து.”

அவ்வளவுதான். 

ஒருமுறை உண்மை சொன்ன வாய் அதோடு நிற்கவில்லை. சிவப்புக் கட்டையை இன்னொருமுறை கையால் வளைத்துப் பார்த்தேன். இப்போதும் அசையவில்லை. இதை வளைக்க முப்பது வயதுக் கால் வேண்டும், ஆறு நாள் வேலை செய்யாத கால் வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்குக் களைத்து இறங்கும்போது இது என் சொல்லைக் கேட்காது. இவ்வளவும் எனக்கு ஒன்பதரைக்கே தெரியும். நிறத்தைப் பார்த்துத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

“அக்கா, அதைத் தாங்கோ.”

“பூப்போட்டதையோ? வடிவில்லை எண்டனியே.”

“வடிவில்லைத்தான். தாங்கோ.”

சிவப்பைக் கீழே வைத்தேன். கையை எடுக்குமுன் ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வயிறு எரிந்தது, பொய் சொல்ல என்ன இருக்கிறது. தொப்பிக்காரி ஊதாவில் பூட்டை நகர்த்தி, ஐந்து வைத்து, இயந்திரத்தில் மாட்டி முறுக்கினாள். டக்கென்று சப்பாத்து வெளியே வந்தது. மொத்தம் நூற்றைம்பத்தைந்து யூரோ. படிவத்தின் பிரதியில் கையெழுத்து வைத்து வாங்கினேன்.

முற்பகல் 11.15. காரில் கட்டை நீளத்துக்கு இடமில்லாமல் முன் இருக்கைவரை நீட்டி வைத்தோம். அக்கா உடனே காரை எடுக்கவில்லை.

“பயப்பிடேல்லையோ?”

“பயந்தனான்.”

“என்ர தம்பிக்கு இப்ப அம்பத்திநாலு. போன கிழமைதான் அம்பத்திரெண்டுக்குக் கேக் வெட்டினவங்கள். அவன் சிரிச்சுக்கொண்டு நிண்டான்.” சாவியைத் திருப்பினார். “எனக்கு அவன்ர முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.”

ஞாயிறு, காலை 7.20. கெம்ப்டன் மேடை. மறுபடி ஆறு மாற்றம், இம்முறை கட்டையும் சேர்த்து. பெர்லினில் எங்கள் அலுமாரியில் தடித்த கோப்பு ஒன்று இருக்கிறது. அகதி மனு, பள்ளிச் சான்றிதழ், தாதிப் படிப்பு, கலியாணப் பதிவு, குடியுரிமை, ஓய்வூதியக் கணக்கு. எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், எல்லாவற்றிலும் நான் இரண்டு வயது இளையவள். அவற்றைத் திருத்த எனக்கு இப்போது தெம்பும் இல்லை, இனி வருமென்ற நம்பிக்கையும் இல்லை. அந்த இரண்டு வருடமும் நான் வேலை செய்யத்தான் போகிறேன். ஆனால் ஜனவரியில் மலையில் விழுந்தேன் என்றால், முதன்முறையாக என் சொந்த வயதில் விழுவேன்.