ஜோடியாக ஒரே பாஸ்போர்ட்

1978-இல் கல்யாணமானதும் கணவரோடு கப்பலில் பினாங்கு போனேன். “ஜோடியா ஒரே பாஸ்போர்ட்டுல இருக்கட்டும்” என்று அப்பா ஆசைப்பட, எனக்குத் தனியாக எடுக்காமல், சட்டம் அனுமதித்ததால் கணவரின் பாஸ்போர்ட்டிலேயே என் பெயரையும் சேர்த்தார்கள்.

அங்கே தினமும் அடி. “பாஸ்போர்ட் என் பேருல இருக்கு, நான் இல்லாம நீ கப்பல் ஏற முடியாதுடி” என்று சிரிப்பார். ஒரு மத்தியானம் உதட்டில் ரத்தத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பின்னாலேயே வந்தவர் பாஸ்போர்ட்டை நீட்டி, “என் சம்சாரம், கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

தமிழ் தெரிந்த அதிகாரி அதைத் தொடவே இல்லை. “நீங்க சொல்லுங்கம்மா. பொண்டாட்டிய அடிச்சாலும் இங்க கேஸுதான்” என்றார். சொன்னேன். பிறகு இந்தியத் தூதரகம் என் பெயரில் தனிப் பயணப் பத்திரம் கொடுத்தது, தப்பி வந்தேன்.

ஊர் திரும்பியதிலிருந்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். வெளிநாட்டுக்கு வாழப்போகும் பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டால், அழைக்காமலே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன்: “தாலிய அவரு கட்டட்டும். பாஸ்போர்ட்ட உன் பேருல தனியா எடும்மா.”