பெட்டகத்தைத் திறவுங்கோ

கனவு, கனவின்ர பலன் எண்டு கதைச்சுக்கொண்டு வாறவையைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். இப்பவும் அப்பிடித்தான், அதை முதல்லயே சொல்லிப்போடுறன், பிறகு இவவும் அந்தக் கூட்டம்தான் எண்டு நீங்கள் நினைக்கக்கூடாது. பிரசவ வாட்டில நேர்ஸா நிண்டனான், வாற பொம்பிளையள் எல்லாருக்கும் ஒரு கனவு இருக்கும். பாம்பு கண்டா ஆம்பிளைப் பிள்ளையாம், மீன் கண்டா பொம்பிளைப் பிள்ளையாம். ரெண்டையும் கண்டவளுக்கு என்ன பிறக்கும் எண்டு கேட்டா மூஞ்சையை நீட்டுவினம். பல்லு விழுந்தமாதிரிக் கண்டா வீட்டில சாவு, சாவைக் கண்டா கலியாணம், கலியாணத்தைக் கண்டா திரும்பச் சாவு. பல்லு விழுந்தா பல்டாக்குத்தரிட்டப் போறதை விட்டுட்டு!

இதுக்கெல்லாம் தலைவர் என்ர அக்காவின்ர புருஷன். துறைமுகத்தில வேலை செய்து பென்சன் எடுத்த மனிசன், லிங்கநகரில எங்களுக்குப் பக்கத்து வீடு. பேக்கரிக்கு முன்னால பாணுக்குக் கியூவில நிண்ட காலம் அது. சனம் விடியப்பறம் பாணையும் கக்கத்தில வைச்சுக்கொண்டு நேரா அவரிட்டத்தான் வரும், அண்ணை என்னை யானை கலைச்சது, அண்ணை நான் கிணத்துக்க விழுந்தனான் எண்டுகொண்டு. இவர் சாய்மனைக் கதிரையில காலை நீட்டிக்கொண்டு பெரிய முனிவர் மாதிரிப் பலன் சொல்லுவார். வெறும் வயித்தோட படுத்தவனை யானை கலைக்காம என்ன செய்யும்?

அப்ப எனக்கு இரவு டியூட்டி. காலமை வந்து குளிச்சிட்டுப் படுத்தா மத்தியானம் தாண்டித்தான் எழும்புவன். நான் சொல்லுறது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள். வடிவா ஞாபகம், ஏனெண்டா எங்கட வாட்டில வேலை செய்த கிண்ணியாக்காரி றஹ்மா பெருநாளுக்கு லீவில போயிட்டா, அவவின்ர வேலையும் சேர்த்து என்ர தலையில. களைச்சு விழுந்து படுத்தனான்.

கனவில ஒரு வீடு. நான் முன்னப்பின்ன காணாத வீடு. பச்சைக் கதவு, உள்ளுக்க புகைபிடிச்ச குசினி, ஒரு பொம்பிளை எனக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து மா அரிக்கிறா. அடுத்த அறையில பெரிய மரப் பெட்டகம், பழைய வீடுகளில சீலையும் பாத்திரமும் போட்டு வைக்கிற அந்தச் சாமான். அதுக்குள்ள ஒரு பிள்ளை இருக்கு எண்டு எனக்குத் தெரியுது, எப்பிடித் தெரியும் எண்டு கேளாதேங்கோ, கனவில எல்லாம் தெரியும்தானே. "பெட்டகத்தைத் திறவுங்கோ, பிள்ளை உள்ளுக்க!" எண்டு கத்தினன். அந்தப் பொம்பிளை திரும்பினா. ஒரு புருவத்தை வெட்டிக்கொண்டு நீளத் தழும்பு. அவ்வளவுதான், முழிச்சிட்டன். நான் படுக்கப் போடுற சீத்தைச் சோட்டி, அந்தப் பூப்போட்ட கவுண், முழுக்க வேர்வையில தோஞ்சு போச்சு. வெக்கை எண்டு நினைச்சன், எழும்பித் தேத்தண்ணி வைச்சன்.

அண்டு பின்னேரம் அத்தானை நக்கலடிக்கவெண்டே போய்ச் சொன்னனான். "என்ன அத்தான், இதுக்கு என்ன பலன்?"

"மச்சாள், பெட்டகம் எண்டா தனம்," எண்டார். "பிள்ளை எண்டா லட்சுமி. உமக்கு எங்கேயோ இருந்து காசு வரப்போகுது."

எனக்கு வரப்போற காசுக்கு அவர் போய்ச் சுவீப் லொத்தர் டிக்கெட் எடுத்தவர். ஒண்டும் விழேல்ல. அதையும் நான் கனநாள் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனான்.

பிறகு கொஞ்ச மாதத்தால றஹ்மாவின்ர மகளுக்குக் கலியாணம். கிண்ணியாவுக்கு நான் அதுக்கு முதல் ஒருநாளும் போனதில்ல, சத்தியமா. பாதையில, அதுதான் அந்த பஸ்ஸுகளை ஏத்தி இழுக்கிற மிதவையில, கடலைக் கடந்து இறங்க றஹ்மா வந்து கூட்டிக்கொண்டு போனா. ரெண்டு பேரும் கதைச்சுக் கதைச்சு ஒரு ஒழுங்கையால நடக்கிறம். ஒரு வீட்டுக்கு முன்னால என்ர கால் தானா நிண்டுட்டுது. பச்சைக் கதவு.

பச்சைக் கதவு ஊரெல்லாம் இருக்குத்தானே எண்டு எனக்கு நானே சொல்லுறன், அதுக்குள்ள கதவைத் திறந்துகொண்டு ஒரு பொம்பிளை அரிசி கழுவின தண்ணியை ஊத்த வாறா. என்னைக் கண்டதும் சட்டி கையால விழுந்து உடைஞ்சுது. புருவத்தில அந்தத் தழும்பு.

"நீங்களா?" எண்டா. ஓடிவந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சா. "எங்க போனீங்க? ஊர் முழுக்கத் தேடின நாங்க! நீங்க வந்து கத்திச் செல்லாட்டி என்ட புள்ள மௌத்தாகியிருக்கும்."

றஹ்மா என்னைப் பாக்கிறா.

பெருநாளுக்கு மா அரிச்சுக்கொண்டு இருந்தவவாம். பிள்ளை பெட்டகத்துக்குள்ள இறங்கி விளையாட மூடி விழுந்து, வெளியால கொண்டி மாட்டுப்பட்டுட்டுது. தாய்க்காரிக்கு ஒண்டும் தெரியாது. குசினி வாசல்ல ஒரு பொம்பிளை நிண்டு கத்தினதாம், தலைமயிர் அவிழ்ந்து கிடந்ததாம், சீத்தைச் சோட்டியாம், காலில செருப்பில்லையாம். ஓடிப்போய்த் திறந்தா பிள்ளை நீலம் பாரிச்சுக் கிடக்காம். தூக்கி, முகத்தில தண்ணி அடிச்சு, மூச்சு வந்தாப்பிறகு திரும்பிப் பாத்தா வாசல்ல ஆளில்லையாம்.

நான் விடுவனே? "நீங்கள் ஆஸ்பத்திரியில என்னைக் கண்டிருப்பீங்கள்," எண்டன்.

"அந்தப் பக்கமே நான் வந்ததில்ல. புள்ள பொறந்ததும் இந்த வீட்டிலதான்."

"அப்ப அது வேற ஆரோ. இந்த ஊர்ப் பொம்பிளை ஆரும்."

"எங்கட ஆக்கள் 'தொறங்க' எண்டுதான் செல்லுற," எண்டா அவ. "நீங்க 'திறவுங்கோ' எண்டீங்க."

அதுக்கும் நான் அசையேல்ல, தெரியுமோ? பிறகு கலியாண வீட்டுக்கு நடந்துகொண்டே மனசுக்குள்ள நியாயம் பிடிச்சனான். கனவுக்குக் கருத்து இருக்கெண்டா அது ஏன் அதை நம்பாத ஆளிட்ட வரவேணும்? அத்தானிட்ட வந்திருந்தா அவர் பாவம் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார். அந்தப் பிள்ளை தற்செயலாத் தப்பினது, தாய் பதறினதில எதையோ கண்டவ, நான் களைச்சுப்போய் எதையோ கண்டனான், ரெண்டும் ஒரே நாளில நடந்துட்டுது. உலகத்தில நடக்கிறதுதானே. இப்பிடி ஒரு சாட்டு இண்டைக்கும் எனக்குச் சொல்லிக்கொள்ள ஏலும், நம்பினா நம்புங்கோ, விட்டா விடுங்கோ.

ஆனா அந்த வாசல்ல நடந்தது அதோட முடியேல்ல. நாங்கள் வெளிக்கிடுறம் எண்டு சொல்ல, தாய்க்காரி பிள்ளையைக் கூப்பிட்டா. நாலு வயசிருக்கும், பொம்பிளைப் பிள்ளை, மாங்காய்த் துண்டொண்டைச் சப்பிக்கொண்டு வந்துது. "புள்ள, இவதான் அண்டைக்கு வாசல்ல நிண்டு உன்னக் காப்பாத்தின மாமி. சலாம் செல்லு," எண்டா.

அந்தக் குஞ்சு என்னை மேலயும் கீழயும் பாத்துது. பயமில்ல, சிரிப்புமில்ல, தெரிஞ்ச ஆளைப் பாக்கிறமாதிரி ஒரு பார்வை.

"வாசல்ல இல்ல உம்மா," எண்டுது. "இவ பெட்டகத்துக்குள்ள என்னோட படுத்துக் கிடந்த. நல்ல நித்திர. நான் எழுப்ப எழுப்ப எழும்பவே இல்ல."