பாட்டுக்குள் இருந்த தாய்

அண்ணனின் உடம்பை லாரியில் கொண்டுவந்து தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் இறக்கினார்கள். ஆம்பிளைகளைக் குளிப்பாட்டுவது ஆம்பிளைகள் வேலை என்று சொன்னவர்களை அம்மா கையால் தள்ளிவிட்டாள். நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன், அவள் தேய்த்தாள். புரட்டியபோதுதான் பார்த்தோம். குண்டு முதுகில், இடது தோளுக்குக் கீழே நுழைந்திருந்தது. மார்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மலாய் நாட்டில், கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கி தூக்க, வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா, அண்ணன், நான், தம்பி எல்லோருமே பால்மரம் வெட்டினோம், பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கிற வேலை. அண்ணன்தான் முதலில் கத்தியை வைத்துவிட்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தான். காட்டுக்குள்ளிருந்து வரும் கம்யூனிஸ்டுகளிடமிருந்து தோட்டத்தைக் காக்கும் வேலை. நாட்டுக்காக என்றெல்லாம் அவன் ஒருநாளும் சொன்னதில்லை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, காக்கிச் சட்டைக்கு மழையிலும் சம்பளம் உண்டு என்றுதான் சொன்னான்.

காரியம் முடிவதற்குள், அன்று அவனோடு காவல் நின்ற பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரவே மாட்டேன் என்றான். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பொகைக்கூடத்துக்குப் பின்னால செடிக்குள்ளேர்ந்து சுட்டானுங்க ஆத்தா. நாங்க எங்க திருப்பிச் சுடறது? நான் கால்வாயில குதிச்சிட்டேன். அவன் துப்பாக்கியப் போட்டுட்டு ஓடினான். லயத்தப் பாத்துதான் ஓடினான். அம்மான்னு கத்திகிட்டே ஓடினான்."

அம்மா அதை மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள். மகன் ஓடியதில் அவளுக்குத் துளியும் வெட்கம் இல்லை. என்னைத் தேடித்தான் வந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்குப் பிறகுதான் பாட்டு வந்தது.

எழுதியவர் எங்கள் தோட்ட ஆபீஸ் கிராணி. வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் போட்டுப் படிய வாரிய முடி. கணக்கு எழுதும் நேரம் போகப் பத்திரிகைக்குக் கவிதை எழுதுவார். அந்த வாரத்துத் தமிழ்ப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். தம்பிதான் கொண்டுவந்தான். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் என்பதால் நான் உரக்க வாசித்தேன்.

பால்மரம் வெட்டிய பச்சிளங் கையால்
பகைவரைத் தடுத்தான், மார்பிலே ஏற்றான்!
அழவில்லை தாய்! அவள் விழி சொன்னது:
அவன்விட்ட துப்பாக்கி தரையில் கிடக்கிறது!
எடுக்க ஒருகை இங்கே இல்லையா?
எழுந்துவா தம்பி! எழுந்துவா தம்பி!

இவ்வளவு வருஷம் கழித்தும் எழுத்து பிசகாமல் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போதே எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அந்த முதுகைத் தொட்டுக் கழுவியவள் நான். பொய் என்று எனக்குத் தெரியும், என் கண்ணுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு அழுதது. தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினான்.

அம்மா மட்டும் அழவில்லை. "இது யாரு பெத்த புள்ள?" என்று கேட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். பால் நாற்றத்தோடு உள்ளே போகக்கூடாது என்பதால் படியிலேயே நின்றோம். கிராணி வெளியே வந்தார். பாராட்டுச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்தார் போலிருக்கிறது, சிரித்தார்.

"ஐயா, மாருல இல்லீங்க, முதுகுல. நானே கழுவினேன். ஓடி வந்தான் ஐயா, எங்கிட்ட வரணும்னு ஓடி வந்தான். அத எழுதுங்க. அதுவும் பாட்டாத்தானே வரும்?"

கிராணி உடனே மறுக்கவில்லை. யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. எங்களுக்கு நல்லது செய்வதாகவே நம்பினார்.

"இங்க பாரும்மா. முதுகுன்னு எழுதினா படிக்கிறவன் ஐயோ பாவம்பான். பாவம்னு சொன்னவன் பத்திரிகைய மடிச்சு வச்சிட்டுச் சாப்பிடப் போயிடுவான். மார்புன்னு எழுதினாத்தான் அவனுக்குத் தன்மேலேயே வெட்கம் வரும். வெட்கம் வந்தவன்தான் எழுந்திரிப்பான்."

"நான் அழுதேனே ஐயா. ஊரே பாத்துச்சே. அழலன்னு எழுதியிருக்கீங்களே."

"நீ அழுதா அவங்க எதுக்கும்மா அழணும்? நீ அழாம நின்னாத்தான் அவங்களுக்குத் தாங்காது."

வேறொருவர் சொல்லியிருந்தால் இரக்கமில்லாத பேச்சு என்றிருப்பேன். அவர் அதை ஒரு தச்சன் மரத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். வீரப் பாட்டு எப்படி ஆளை அசைக்கிறது என்பதை அன்றைக்கு அந்தப் படியில் நின்று கேட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடாங்கில் கூட்டம் போட்டார்கள். பந்து விளையாடும் அந்தத் திடலில் அரசாங்க வேன் ஒலிபெருக்கியோடு நின்றது. துரையும் போலீஸ் அதிகாரியும் நாற்காலியில். அவர்களுக்குப் பக்கத்தில் அம்மாவையும் உட்கார வைத்து மாலை போட்டார்கள். கிராணி பாட்டை மனப்பாடமாகச் சொன்னார். 'பால்மரம் வெட்டிய' என்றதுமே பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அது அவர்கள் கையும்தானே. 'இங்கே இல்லையா' என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் நின்றார். கூட்டத்தை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். வேலை நடந்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான். இளந்தாரிகள் ஒவ்வொருவனும் தலையைக் குனிந்தான்.

அம்மா எழுந்துவிட்டாள். மாலை கழுத்தில் கிடக்க, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"பொய்யி! எம்புள்ள ஓடினான்! உசுரோட வீட்டுக்கு வரணும்னு ஓடினான்! நீங்களும் ஓடுங்கடா! ஒருத்தனும் அந்தத் துப்பாக்கியத் தொடாதீங்கடா!"

வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி அம்மாவின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். கிராணி ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்தார்.

"பார்த்தீர்களா? மகனைப் பறிகொடுத்த துயரம் ஒரு வீரத்தாயின் மதியையே மயக்கிவிட்டது! இந்தக் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?"

கூட்டம் ஓவென்று அழுதது. அவள் சொன்னதையும் பாட்டு தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டது. அங்கேயே மேசை போட்டு, கான்ஸ்டபிள் வேலைக்குப் பெயர் எழுதினார்கள். முதலில் போய் நின்றவன் என் தம்பி.

அன்று சாயங்காலம் அம்மா அவன் காலைப் பிடித்தாள். அவன் காலை உருவிக்கொண்டான்.

"அண்ணன ஊர் முன்னால கோழைன்னு சொல்லிட்டியேம்மா. பெத்தவ பேசற பேச்சா அது?"

"நான் கழுவினேன்டா."

"ஒனக்குப் புத்தி சரியில்ல. கிராணி ஐயா சொன்னாருல்ல?"

"அக்காவக் கேளுடா."

நான் சொன்னேன். முதுகில்தான் என்று, விரல் வைத்துக் காட்டிச் சொன்னேன். அவன் என்னை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தொட்டுப் பார்த்த இரண்டு பேரைவிட, பார்க்கவே பார்க்காத ஒருவர் எழுதியதைத்தான் அவன் நம்பினான். அந்தப் பாட்டில் அண்ணன் சாகாமல் இருந்தான். நாங்கள் சொன்னதில் செத்துக் கிடந்தான். எதை எடுத்துக்கொள்வான்?

அதற்கப்புறம் சாப்பாட்டுக் கட்டுப்பாடு வந்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. சர்க்கரை போடாத கோப்பி மட்டும் கொண்டுபோகலாம். விடிகாலையில் போனால் பால் எடுத்துவிட்டு வெயில் ஏறித்தான் திரும்புவோம். அம்மாவுக்கு அண்ணன் போனதிலிருந்தே உடம்பு தேறவில்லை. இரண்டு தடவை மரத்தடியில் மயங்கி விழுந்து நான் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

கேட்டில் தம்பிக்குக் காவல் போட்டார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் இருந்தாள். வாளி, தூக்கு எல்லாம் தம்பியும் ஒரு மலாய்க்கார கார்ப்பரலும் பார்ப்பார்கள். ஒருநாள் காலை அம்மாவின் பால் வாளியைத் தம்பி கவிழ்த்தான். வாழையிலையில் சுருட்டிய ஒரு கைப்பிடிச் சோறு விழுந்தது.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத்தான்டா. தல சுத்துது. உள்ள போடு."

கார்ப்பரல் அதைப் பார்த்தார். பிறகு அம்மாவையும் தம்பியையும் பார்த்தார். அவள் அவனைப் பெற்றவள் என்று அவருக்குத் தெரியும். "தாக் அப்பாலா," என்றார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். சொல்லிவிட்டு வேண்டுமென்றே அடுத்த வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி விடவில்லை. இலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, மேடையில் பேசுகிற குரலில் பேசினான்.

"எங்கண்ணன் மாருல குண்டு வாங்கினது யாரால? அவனுங்களுக்கா சோறு? எந்தாயா இருந்தாலும் விடமாட்டேன்!"

"அவ பெத்தவடா, பாவி!" என்று யாரோ ஒருத்தி வரிசையிலிருந்து கத்தினாள். "வீரனப் பெத்தவ செய்யற வேலையா இது?" என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டாவது குரலுக்குத்தான் அதிகம் பேர் தலையாட்டினார்கள். எத்தனையோ பேர் முன்னால் சொல்லியானபின் கார்ப்பரலும் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது புடவை தடுக்கி முழங்காலில் விழுந்தாள். தம்பி கையைக் கொடுக்கவில்லை, விறைப்பாக நின்றான். அவன் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் நின்றான்.

கோர்ட்டில் அம்மா குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பசித்தது என்றாள். சில மாதம் ஜெயிலில் போட்டார்கள்.

அவள் உள்ளே இருந்தபோது கிராணி இரண்டாவது பாட்டை எழுதினார். பெற்ற தாயைவிடப் பிறந்த நாடு பெரிது என்று காட்டிய காளையைப் பற்றிய பாட்டு. பெயர் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு பள்ளியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்கும். பிள்ளைகள் தாளம் தட்டி, ராகம் போட்டு, என் அம்மாவைப் பிடித்துக் கொடுத்ததைப் பாடினார்கள். நல்ல ராகம். ஒருநாள் என் காலும் அந்தத் தாளத்துக்கு நடப்பதைக் கவனித்து, வேண்டுமென்றே நின்றுவிட்டேன்.

அம்மா வெளியே வந்தபோது பல் இரண்டு போயிருந்தது. தோட்டத்தில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு டவுன் பக்கம் தெமியாங்குக்கு வந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் இருவரும் பாத்திரம் கழுவினோம். எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் அவள் என்னோடுதான் இருந்தாள்.

அவசரகாலம் முடிந்த பிறகு ஒரு தீபாவளிக்குத் தம்பி வந்தான். காக்கி இல்லை, சாதாரணச் சட்டை. புதுப் பெண்டாட்டியைக் கூட்டி வந்திருந்தான். அம்மா அந்தப் பெண்ணை உட்கார வைத்து, ஊர் கேட்டு, தலை தடவி, பலகாரம் கொடுத்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான்.

"எங்கூட ஒரு வார்த்த பேசும்மா."

"ஒனக்கு ஒரு தாய் இருக்காடா அந்தப் பாட்டுல. அழமாட்டா, பசிக்காது. அவகிட்ட போய்ப் பேசு."

அந்தப் பெண்ணுக்கு விஷயம் எதுவும் தெரியாது போலிருக்கிறது. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். தம்பி அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். நான் வாசல்வரை போனேன்.

அம்மா செத்தபோது ஆள் அனுப்பினேன், வந்தான். கொள்ளி வைத்தான், மொட்டை போட்டுக்கொண்டான், செய்ய வேண்டியதையெல்லாம் குறையில்லாமல் செய்தான். எங்களுக்குள் இப்போது கல்யாணப் பத்திரிகைப் பழக்கம் மட்டும் இருக்கிறது. அவன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முதல் பந்தியில் உட்கார வைத்து அவனே பரிமாறினான். சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.