‘பரக்கத்’ சொல்லாத குரல்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பொய் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. என் தந்தை மேவா சிங் பயந்து ஊரைவிட்டு ஓடினார் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். நடந்தது இதுதான்.

1947 ஆகஸ்ட் 16. வெள்ளைக்காரன் ஆட்சி முந்தின நாள்தான் முடிந்திருந்தது. பஞ்சாபைப் பிளக்கும் கோடு எங்கே போகிறது என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. லாகூருக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊர் இந்தியாவா, பாகிஸ்தானா? யாருக்கும் தெரியாது. மற்ற சீக்கியக் குடும்பங்கள் வண்டி கட்டிவிட்டன. ஊரின் நிலக் கணக்கரான அப்பா மட்டும் அசையவில்லை.

“கோடு தெரியறதுக்கு முன்னாடியே ஓடினா நாலு பேர் என்ன சொல்வாங்க?”

“சொல்றதுக்கு அந்த நாலு பேர் இங்க இருக்கணுமே! எல்லாரும் அமிர்தசரஸ் போய்ச் சேர்ந்தாச்சு,” என்றாள் அம்மா.

பகல் 2.10. முற்றத்தில் ஒரு சத்தம்.

சளக்... சளக்...

அளவுச் சங்கிலியைத் தரையில் இழுக்கும் சத்தம். எங்கள் சங்கிலி சுவர் ஆணியில் தொங்கியது. ஆடவில்லை.

“ஒண்ணு...”

அப்பா எழுந்துவிட்டார். நவாப் தீனின் குரல். இருபது வருடம் அப்பாவுக்குச் சங்கிலி பிடித்தவர். அந்த ஏப்ரலில்தான் இறந்தார். அவர் உடலைச் சுமந்த சந்தூக்குக்கு அப்பாவும் தோள் கொடுத்தார்.

“ரெண்டு... மூணு...”

“என்னங்க... அவர் ‘பரக்கத்’ சொல்லலையே?”

எங்கள் ஊரில் தானியமோ நிலமோ, முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். ‘பரக்கத்’ என்பார்கள். பெருகட்டும் என்று அர்த்தம். பெருகக் கூடாததை எண்ணும்போதுதான் ஒன்று.

பிணங்களை.

“ஏழு... எட்டு...”

முற்றத்தில் யாரும் இல்லை. புழுதியில் ஒரு கோடு மட்டும் நீண்டுகொண்டே வந்தது.

“ஒன்பது.”

நின்றது. மணி 2.14.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அப்பா தலைப்பாகையை இறுக்கினார். “நவாப் தீன் கணக்கு தப்பினதே இல்ல. கிளம்புங்க.”

நான் பூட்டை எடுத்தேன்.

“வைடா அதை! பூட்டினா ஓடிப்போனோம்னு ஆயிடும். சும்மா சாத்து.”

மறுநாள் கோட்டை அறிவித்தார்கள். ஊர் பாகிஸ்தானில்.

ஆறு மாதம் கழித்து நவாப் தீனின் மகன் எழுதினான். அப்பா வாசித்துக் காட்டினார். நாங்கள் கிளம்பிய அன்று மாலை, இந்தியா நோக்கி நடந்த ஒரு சீக்கியக் குடும்பம் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறது. விடியுமுன் கும்பல் புகுந்தது. முற்றத்தில் கிடந்தவர்களை அவனே எண்ணினானாம்.

ஒன்பது பேர்.

அப்பா இறந்த பிறகு அந்தக் கடிதத்தை நானே எடுத்துப் படித்தேன். அவர் வாசிக்காத ஒரு வரி அடியில் இருந்தது.

“கதவு பூட்டியிருந்தா அவங்க அடுத்த ஊருக்கே போயிருப்பாங்க, பெரியப்பா.”